வெட்சூட்டுக்கு மேலே ஒரு நைட்டி

சீசன் வந்துவிட்டால் ஐந்தருவிப் பக்கம் ஒரு கடை போடுவோம். துண்டு, நைட்டி, ஷாம்பு பாக்கெட், அவ்வளவுதான். தென்காசி ஜவுளிக்கடையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், அருவிக் கடை என் பொறுப்பு. உடம்போடு ஒட்டுகிற லெக்கின்ஸைப் போட்டுக்கொண்டு பெண்பிள்ளைகள் குளிக்கப் போவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. "ஏம்மா, மேல ஒரு நைட்டியப் போட்டுட்டுப் போ. அங்கன எத்தன பேரு போனத் தூக்கிட்டு நிக்கான் தெரியுமா" என்பேன். பாதி அக்கறை, பாதி வியாபாரம். ஆனால் ஈரத்துணியோடு ஆண்கள் முன்னால் நிற்பது என்றால் எனக்கு நிஜமாகவே உயிர் போகிற விஷயம்.

அப்படிப்பட்டவள் வயிற்றில்தான், அந்தமானில் கடலுக்குள் ஆள் இறக்குகிற வேலை பார்க்கிற மகள் வந்து பிறந்தாள். படித்தது இன்ஜினீயரிங். ஏதோ ஹோட்டலில் வேலை என்று போனவள், கடலுக்குள் முங்குகிற ஸ்கூபா கற்றுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். சொந்தக்காரர்களிடம் "கப்பல் கம்பெனியில இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் அனுப்புகிற போட்டோவில் கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டுத்தான் ஸ்டேட்டஸ் வைப்பேன். மீன் மாதிரி கறுப்பு ரப்பரில் நிற்கிறவளை எப்படி ஊருக்குக் காட்ட?

இந்தத் தை மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. அதுவரை அவளுக்கு எடுபிடி வேலைதான். காற்றுச் சிலிண்டர் தூக்குவாள், உடைகளை அலசுவாள், மற்றவர்கள் கூட்டிப்போகிற விருந்தாளிகளுக்குப் பின்னால் நீந்துவாள். பரீட்சை எல்லாம் எழுதித் தேறியும் தனியாக ஆளை இறக்க அந்த ஸ்கூபா கம்பெனி ஓனர் விடவில்லை.

"எம்மா, இப்ப விடப் போறாரு. மொதல்ல ஒரு ஆள நான் கூட்டிட்டுப் போகணும், அவரு பக்கத்துல இருந்து பாப்பாரு. நல்லபடியா முடிஞ்சா மறுநாளையிலேருந்து நான் தனி. அந்த மொத ஆளு நீதான், கெளம்பி வா" என்றாள்.

"எனக்கு நீச்சலே தெரியாதேட்டி."

"தெரிய வேண்டாம். நான் பிடிச்சுக்கிடுதேன்."

பெருமையாகத்தான் இருந்தது. வருசா வருசம் அருவியில் தலை கொடுத்தவளுக்குத் தண்ணீர் என்ன புதுசா என்றும் ஒரு நினைப்பு. வீட்டுக்காரருக்குக் கப்பல் என்றாலே குமட்டும், அதனால் நான் மட்டும் போனேன்.

போட்டில் எங்களோடு ஓனர், படகுக்காரர்கள் இருவர், எங்களுக்கு அடுத்து இறங்குவதற்காகப் புதுசாகக் கல்யாணமான பெங்களூர் ஜோடி ஒன்று. ஓனர் வடக்கத்திக்காரர். நரைத்த தாடி, அதிகம் பேசாத மனிதர். சின்னச் சின்னத் தீவுகளைத் தாண்டி, தென்னை மட்டும் தெரிகிற ஒரு தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். எட்டிப் பார்த்தால் அடிமணல் தெரிந்தது.

தார்ப்பாய் மறைப்புக்குள் மகள் எனக்கு அந்தக் கறுப்பு ரப்பர் உடுப்பை, வெட்சூட்டை மாட்டி, முதுகு ஜிப்பை இழுத்துவிட்டாள். குனிந்து பார்த்தேன். தடியங்காய்க்கு, அதான் வெள்ளைப் பூசணிக்கு, உறை போட்டது மாதிரி இருந்தது. வயிறு, இடுப்பு, ஒன்றும் மறையவில்லை. வெளியே நாலு ஆம்பிளைகள். பையைத் திறந்து, எங்கள் கடை நைட்டியிலேயே கெட்டித் துணியாக ஒன்று கொண்டுபோயிருந்ததை எடுத்து மேலே மாட்டிக்கொண்டேன்.

"எம்மா, இது கூடாது. தண்ணிக்குள்ள தூக்கிட்டு வரும்."

"சும்ம கெட. அருவியில அந்த வேகத்துல விழுதே, அதுலயே தூக்கல. கீழ முடிஞ்சு விடு, போதும்."

"சொல்லுததக் கேளும்மா."

"அப்படின்னா நான் வரல. நீ வேற ஆளப் பாத்துக்கோ."

அவள் மண்டியிட்டு, நைட்டியின் கீழ்ப்பகுதியைச் சுருட்டி முழங்காலுக்கு மேலே இறுக்கி முடிச்சுப் போட்டாள். வெளியே வந்தோம். ஓனர் நைட்டியைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். "உன் கெஸ்ட், நீதான் முடிவு பண்ணணும்" என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். மகள் "ஓகே சார்" என்றாள். ஜெயித்துவிட்ட திருப்தியோடு நான் சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. அருவியில் காது அடைக்கிற சத்தம், இங்கே என் மூச்சுச் சத்தம் மட்டும். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, காது வலிக்காமலிருக்க மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லிச் சைகை காட்டிக் காட்டி இறக்கினாள். மஞ்சள் கோடு போட்ட மீன்கள் முகத்துக்கு நேராக வந்து போயின. எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. என் பிள்ளை என்னை எங்கே கூட்டி வந்திருக்கிறாள் பார் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

எப்போது முடிச்சு அவிழ்ந்தது என்று தெரியாது. நைட்டி கீழேயிருந்து குடை மாதிரி விரிந்து எழும்பி முகத்தை மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. ஏதோ என்னை விழுங்கிவிட்டது என்றே நினைத்தேன். துணியைப் பிடுங்குகிற வேகத்தில் வாயிலிருந்த குழாயையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். வாய் நிறைய உப்புத் தண்ணீர். அடித்த கையும் காலும் யார் மேல் பட்டதோ. அந்த இருட்டுக்குள் ஒரு கை வந்து குழாயைத் திரும்ப வாயில் திணித்து, தாடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தது. காற்று வந்தது. துணி விலகியபோது பார்த்தேன், ஓனர் நைட்டியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். மகளின் உதட்டில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமாக என்னை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தார்கள்.

போட்டில் கிடந்து இருமினேன். நைட்டி கழுத்தைச் சுற்றிக் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஆனால் ஒருத்தராவது நான் பயந்த மாதிரிப் பார்க்கவில்லை. அந்தப் பெங்களூர்ப் பெண் முதுகைத் தடவித் தண்ணீர் கொடுத்தாள், அவள் புருசன் தன் துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினான். வெட்கத்தில் எனக்கு அந்தத் துண்டுக்குள்ளேயே போய்விடலாம் என்றிருந்தது.

ஓனர் சத்தம் போடவில்லை. "இதை யார் அனுமதித்தது?" என்று மட்டும் மகளிடம் கேட்டார்.

"நான்தான் சார்."

'அவ வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் கேக்கல' என்று சொல்லியிருக்க வேண்டும். இங்கிலீஷ் வராவிட்டால் தமிழிலாவது கத்தியிருக்கலாம். நாலு கடை தள்ளிக் கேட்கிற வாய் எனக்கு. அன்றைக்கு அது திறக்கவே இல்லை. அந்த ஜோடியை ஓனரே கூட்டிக்கொண்டு இறங்கினார். மகள் போட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, நீச்சல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் அறையில் உட்கார்ந்திருந்தோம். உதடு வீங்கியிருந்தது.

"நான் போய் அவருகிட்ட சொல்லுதேன், தப்பெல்லாம் எம்மேலதான்னு" என்றேன்.

"அது அவருக்குத் தெரியாதாம்மா? அவரு கேட்டது ஒண்ணுதான். கூடாதுன்னு தெரிஞ்சும் ஏன் விட்டன்னாரு. எங்கம்மா சார்னேன். நாளைக்கு ஒருத்தன் குடிச்சுட்டு வந்து எறங்குவேன்னு சத்தம் போடுவான், ஒரு ஆபீசர் வந்து அதட்டுவான், அப்பவும் இப்படித்தான் விடுவியான்னு கேட்டாரு. இந்த வருசம் முடிய தனியா எறங்க வேண்டாம்னுட்டாரு."

அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டு திட்டுத் திட்டித் தேற்றியிருப்பேன். அவள் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"என்னப் பாத்தா உனக்கு அவ்ளோ பயமாட்டி?"

"பயமில்லம்மா. உங்கிட்ட வேண்டாம்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

கல்யாண வீடுகளில் உட்கார்ந்து "எம்மவ என்னை எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டா" என்று எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன். அதைத்தான் இந்தப் பிள்ளை என் முன்னால் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சோறு போட எழுந்து போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மனசு கேட்கவில்லை. செங்கோட்டையில் வாங்கி வந்திருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். ஓனர் முன்னால் போய் நின்று, காலில் விழவும் தயார் என்றுதான் நடந்தேன். ஆபீஸ் வாசலில் மகள் சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் கையையும் முகத்தையும் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வந்து வாசலை மறைத்து நின்றாள்.

"வேண்டாம்மா."

"ஒரு வார்த்ததானட்டி. சொல்லிட்டு வந்துருதேன்."

"வேண்டாம். நீ போ."

சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். 'சும்ம கெட' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். ரோட்டுக்கு வந்து பார்த்தபோதும் அவள் வாசலை விட்டு நகரவில்லை. கை அசைப்பாள் என்று நினைத்தேன். நான் திரும்பி வந்துவிடுகிறேனா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றாள்.