தலைவர் வரும் வழியில் எங்கள் பஸ்

கண்டக்டர் வேலையில் விசில் நம்மிடம், ஸ்டியரிங் டிரைவரிடம். ஆனால் வண்டியை நிறுத்துகிற உரிமை மட்டும் ரோட்டில் போகிற எல்லோரிடமும் இருக்கிறது. ஐம்பதுகளில் சாமல்பட்டி ரயில் நிலையத்திலிருந்து மத்தூர், கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரை போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். கோவிந்தண்ணன் டிரைவர். ஆட்டு மந்தைக்கு நிற்போம், கல்யாண ஊர்வலத்துக்கு நிற்போம், மாட்டுச் சந்தை நாளில் மாடு மனசு வைத்தால்தான் நகர்வோம். அதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். டில்லியிலிருந்து ஒரு பெரிய தலைவர் கிருஷ்ணகிரி மைதானத்தில் பேச வந்தார். பெங்களூரில் விமானம் இறங்கி, ஓசூர் ரோட்டில் காரில் வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு வழி நெடுகப் போலீஸ். நீங்களும் என்றைக்காவது ஒரு தலைவருக்காக ரோட்டோரம் கால் மாற்றி மாற்றி நின்றிருப்பீர்கள். ஆகவே விளக்கம் தேவைப்படாது.

குடையும் கைத்தடியும்

காலை டிரிப்பில், கிருஷ்ணகிரிக்கு ஒரு மைல் முன்னாலேயே மூங்கிலைக் குறுக்கே கட்டி எங்களை நிறுத்திவிட்டார்கள். தலைவர் வந்து சேருகிற வரை வண்டி ஊருக்குள் போகக் கூடாது. கூட்டத்துக்கு வந்தவர்கள் இறங்கி நடக்கலாம். ஆனால் தடி, குடை, கத்தி, அரிவாள் எதுவும் கையில் இருக்கக் கூடாது. எங்கள் வண்டியில் பாதிப் பேர் விவசாயிகள். ஐந்து நிமிஷத்தில் புளியமரத்தடியில் குடையும் தடியுமாக ஒரு குவியல் எழும்பிவிட்டது. யாருடையது எது என்று ஒரு சீட்டுக்கூடக் கிடையாது.

மத்தூர்ப் பக்கத்து விவசாயி பெரியண்ணனுக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. கிணறு வெட்டும்போது கல் விழுந்த கால். அவருடைய கைத்தடியையும் போடச் சொன்னார் அங்கே நின்ற ஏட்டு. "உத்தரவு எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். பெரியண்ணன் சண்டை போடவில்லை. தடியை மரத்தில் பதவிசாகச் சாய்த்து வைத்தார். திரும்பி வந்து ஏட்டின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டியே பார்த்துக்கொண்டிருந்தது. ஏட்டு நெளிந்தார், விலகப் பார்த்தார், முடியவில்லை. இரண்டே நிமிஷத்தில் அவரே போய்த் தடியை எடுத்துவந்து கொடுத்தார். பெரியண்ணன் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "தடி வேணாம்னீங்க, சரின்னு வெச்சிட்டேன். மைதானம் வரைக்கும் இந்தத் தோளு கூட வந்தா எனக்குப் போதுமுங்க."

பதினோராவது ஊசி

அதே வண்டியில் சின்னப்பாப்பா இருந்தாள். கூலி வேலைக்குப் போகிறவள், முப்பது வயசு இருக்கும். நிலக்கடலைக் காட்டில் களை எடுக்கும்போது வெறிநாய் கடித்துவிட்டது. தொப்புளைச் சுற்றி பதினாலு நாள் பதினாலு ஊசி. தினமும் எங்கள் வண்டியில்தான் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு வருவாள். நடுவில் ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று பதினோராவது நாள். மூங்கிலைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. போன வருஷம் அவள் தெருவில் ஒரு வெறிநாய் கடித்து, ஊசி போடாமல் விட்ட ஒருவன் தண்ணீரைக் கண்டு அலறிச் செத்ததை அவள் கண்ணால் பார்த்தவள். வண்டியைக் கோவிந்தண்ணனிடம் விட்டுவிட்டு நான் அவளோடு நடந்தேன்.

ஆஸ்பத்திரி, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோட்டின் இரண்டு ஓரமும் கயிறு. தாண்டக் கூடாது என்றார் கயிற்றடியில் நின்ற போலீஸ்காரர். தலைவர் எங்கே வருகிறார் என்றால், இன்னும் ஓசூரே வரவில்லை என்றார். ஒரு மணி நேரம் நின்றோம். உச்சிப் பொழுதுக்குப் பிறகு ஊசி கிடையாது. நான் கேட்டேன், பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள், பிறகு கூட்டமே கேட்க ஆரம்பித்தது. சத்தம் கேட்டு ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்தார், இளவயசுக்காரர். "புரிஞ்சுக்குங்கம்மா, தலைவரோட உயிருக்கு நாங்க பொறுப்பு" என்றார். சின்னப்பாப்பா, "என் உயிருக்கு யாருங்க பொறுப்பு? அவங்களையாச்சும் கூப்பிட்டு விடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே விலாசம் கேட்பது போலக் கேட்டாள்.

 அவர் உடனே ஒரு போலீஸ்காரரை ஆஸ்பத்திரிக்கு ஓடி டாக்டரைக் கேட்டுவரச் சொன்னார். போனவர் கொண்டுவந்த சேதி எங்களை உலுக்கிவிட்டது. டாக்டர் ஆஸ்பத்திரியில் இல்லை. தலைவருக்கு அவசரம் என்றால் இருக்க வேண்டும் என்று அவரை மைதானத்தில் மேடைக்குப் பின்னால் கூடாரம் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் புண்ணியவான், ஊசிக்கு வருகிறவர்களை நினைத்து, மருந்தை ஐஸ் பெட்டியோடு கையோடு எடுத்துப் போயிருந்தார். சப் இன்ஸ்பெக்டர் கயிற்றைத் தன் கையாலேயே தூக்கினார். மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் பாஸ் கேட்டு நின்ற வாசல் வழியாக, சின்னப்பாப்பாவை முன்னால் விட்டு அவர் பின்னால் நடந்தார். கால் மணி நேரத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். மைதானம் முழுக்கத் தலைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "எம்மாஞ் சனம் பாருங்கண்ணா. வந்த காரியம் முடிஞ்சு ஊட்டுக்குத் திரும்பறது நான் ஒருத்திதான்."

சானமாவில் பத்து நிமிஷம்

நான் வண்டிக்குத் திரும்பினேன். ஓசூர் போக வேண்டியவர்கள் சும்மா இருப்பார்களா? கெஞ்சியதில், பெரிய ரோட்டைத் தொடாமல் ராயக்கோட்டை சுற்றிப் போகலாம் என்று விட்டார்கள். வண்டிக்குள் வழியெல்லாம் திட்டுதான். தமிழில் தொடங்கி, தெலுங்கில் வேகம் பிடித்து, கன்னடத்தில் முடியும். எனக்கு மூன்றும் தெரியும் என்பதால் ஒன்றும் தப்பவில்லை.

சானமாவுக் காட்டுக்குள் நுழைந்ததும் கோவிந்தண்ணன் மெதுவாகப் பிரேக் போட்டு இன்ஜினை அணைத்தார். ரோட்டின் நடுவில் ஒரு பெண் யானை. அதன் வயிற்றடியில் கன்று, தார் ரோட்டில் கால் வைக்கத் தயங்கி நின்றது. அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள் மூச்சுக்கூட விடவில்லை. தாய் துதிக்கையால் இரண்டு முறை தள்ளியது. கன்று ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. தாய் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் போனது.  ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். இன்ஜினைக் கிளப்பிக்கொண்டே கோவிந்தண்ணன் சொன்னார்: "அங்க மூணு மணி நேரம் நிறுத்தினாங்க, யாருக்காக நிறுத்தினாங்களோ அவரு கண்ணுலயே படல. இது பத்து நிமிஷம் நிறுத்துச்சு, எதுக்குன்னு நம்ம கண்ணுக்கே தெரிஞ்சுது."

மூட்டைக்குள் என்ன?

ஓசூர் எல்லையில் இன்னொரு சோதனை. உத்தனப்பள்ளியில் ஏறிய நஞ்சப்பா இரண்டு மூட்டை பட்டுக்கூடு வைத்திருந்தார். மைசூர் ராஜ்யத்துச் சந்தைக்குப் போகிற சரக்கு. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தமிழை யோசித்து யோசித்துத்தான் பேசுவார். அந்தக் கூடுகளுக்காக அவரும் அவர் மனைவியும் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று வரும்போது சொல்லிக்கொண்டு வந்தார். புழுவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை இலை போட வேண்டும் என்று எனக்கே பாடம் ஆகிவிட்டது.

போலீஸ்காரர் மூட்டையை அமுக்கிப் பார்த்தார். உருண்டை உருண்டையாகக் கையில் தட்டியது. சந்தேகம் வந்துவிட்டது. "இறக்கு, ஸ்டேஷன்ல இருக்கட்டும். கூட்டமெல்லாம் முடிஞ்சப்புறம் வந்து வாங்கிக்க" என்றார். நஞ்சப்பா மூட்டையின் வாயை அவிழ்த்து, ஒரு கூட்டை எடுத்து அவர் காதருகே ஆட்டிக் காட்டினார். உள்ளே கடகடவென்றது. போலீஸ்காரர் ஓரடி பின்வாங்கினார். வண்டிக்குள் சிரிப்பு. பிறகு அவரும் ஒன்றை வாங்கி ஆட்டிப் பார்த்தார், இன்னொன்றையும் ஆட்டினார், மூட்டையை அவரே கட்டிக் கொடுத்துவிட்டார். அவர் மனசை மாற்றியது நஞ்சப்பா நிதானமாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னதுதான்: "சாமி, இது குண்டு அல்ல, பூச்சி. ரெண்டு நாள் ஸ்டேஷன்ல வெச்சா அதுவே ஓட்டை போட்டு வெளியே வரும், அப்புறம் நீங்களே விசாரணை பண்ணிக்கலாம்."

ஒரு மனு

மறுவாரம் வண்டியிலேயே கலெக்டருக்கு ஒரு மனு எழுதினோம். இனிமேல் கூட்டம் நடந்தால் ஆஸ்பத்திரிக்கு ஒரு வழி விட வேண்டும், எந்த ரோடு எத்தனை மணிக்கு மூடும் என்று முந்தின நாளே பஸ் ஸ்டாண்டில் எழுதிப் போட வேண்டும். கையெழுத்துத் தெரிந்தவர்கள் போட்டார்கள். தெரியாதவர்கள் கைரேகை வைத்தார்கள். கடைசியில் கோவிந்தண்ணன் இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். மூங்கிலடியில் நின்ற அந்த ஏட்டு, அன்று நான் சின்னப்பாப்பாவோடு போயிருந்த நேரத்தில் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்ததை அவர் பார்த்திருந்தார். காவல் நிற்கிறவர்களுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும் என்று எழுதச் சொன்னார். நம்மைத் தடுத்தவருக்காக நாம் ஏன் எழுத வேண்டும் என்று இரண்டு பேர் முறைத்தார்கள். "நின்னுக்கிட்டே இருக்கிறவனுக்கு மத்தவங்க அவசரம் எப்படிப் புரியும்?" என்றார் கோவிந்தண்ணன். எழுதினேன்.

மனுவுக்குப் பதில் வரவே இல்லை. அடுத்த வருஷம் வேறொரு தலைவர் வந்தார். முந்தின நாளே பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதிய பலகை தொங்கியது. அதே புளியமரத்தின் பக்கத்தில் அதே மூங்கில், அதே ஏட்டு. ஆனால் ஓரத்தில் வண்டி போகிற அளவுக்கு இடம் விட்டு, ஆஸ்பத்திரி வழி என்று அட்டை கட்டியிருந்தது. எங்கள் வண்டி நின்றது மூன்று நிமிஷம். எங்கள் மனுவில் இருந்ததைக் கடைசி வரி வரை சொல்லி, அது வேலை செய்துவிட்டதா என்று தாழ்வான குரலில் ஏட்டிடம் கேட்டேன். அவர் பக்கத்திலிருந்த மண்பானையில் தண்ணீர் மொண்டு எனக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மனு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. யாரோ கடைசி வரியையும் படிச்சிருக்காங்க, இந்தத் தடவை எனக்கு ஒரு ஸ்டூல் வந்திருக்குது."

தலைவர்களும் தாமதமாகத்தான் வருகிறார்கள், நியாயமும் தாமதமாகத்தான் வருகிறது. நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டால் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புவது நியாயம் மட்டும்தான்.