சற்றே பெரிய டயர்

பிரிக்பீல்ட்ஸில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே நான் வாடகைக் கார் ஓட்டிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. பின் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. கடையில் அதே அளவு இல்லை, கொஞ்சம் பெரியதுதான் இருந்தது. அதையே மாட்டினேன். காலி வண்டியில் குறை எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஒரு கல்யாணப்பெண்ணையும் அவள் வீட்டார் நால்வரையும் கிள்ளான் கோயிலுக்கு ஏற்றிப் போனேன். கோயிலுக்கு மூன்று மைல் இருக்கும்போது ரப்பர் கருகும் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தேன். பாரத்தில் வண்டி தாழ்ந்து, டயர் மட்கார்டில் உரசிக் கிழியத் தொடங்கியிருந்தது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் பெண்ணின் அப்பா.

ரோடு மோசம் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அப்போது மணப்பெண் கவலையோடு என்னைப் பார்த்தாள்.

"டயர் அளவு பெரிசுங்க. தெரிஞ்சேதான் போட்டேன். தப்பு என்னோடது."

அவர் முகம் கறுத்தது. அவர் பேசுமுன் அந்தப் பெண் கேட்டாள்: "பாரம் குறைஞ்சா உரசாதில்லையா அண்ணே?"

"உரசாதும்மா. மெதுவா போயிடலாம்."

"அப்பா, நீங்களும் மாமாவும் சித்தப்பாவும் இறங்கிக்குங்க. நானும் அம்மாவும் முதல்ல போறோம். இவர் திரும்பி வந்து கூட்டிட்டு வரட்டும்."

இரண்டு நடையில் எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தாலி ஏறும்போது அப்பாவும் பக்கத்தில் நின்றார். பந்தியில் அவரே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

டயரை அந்த வாரமே மாற்றிவிட்டேன். இன்றும் யாராவது என்னிடம் தப்பை ஒத்துக்கொண்டால் நான் கோபப்படுவதில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்றுதான் கேட்கிறேன்.