கோபம் குறைந்ததா என்ற கேள்விக்கு

1962 ஜூன் 11, திங்கள். நாலே முக்காலுக்கு எழுந்தேன். சிறுவாணித் தண்ணீர் ஐந்தரைக்கு வந்து ஆறேகாலுக்கு நின்றது. ஓர் அண்டாவும் ஐந்து குடமும் நிரம்பின. இட்லி, கொத்தமல்லிச் சட்னி. ஏழு மணிச் சங்குக்கு முன் என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போனார்; நூற்புப் பிரிவில் மேஸ்திரி. ஒன்பதரைக்கு நான் பள்ளிக்கூடம் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு நடத்தினேன். டைரியில் இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கியிருக்கிறது. மாலையில் நடந்தது மட்டும் அடுத்த பக்கத்துக்கும் போயிருக்கிறது.

அவர் அப்போது தியான ஆசிரியர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தார். அவிநாசியில் ஒரு பெரியவர் நடத்திய மன்றம். ஒரு வருஷம் விடாமல் விடியற்காலைப் பயிற்சி. பன்னிரண்டு ஞாயிறு அங்கே போய்ப் பாடம். பிறகு பெரியவர் பின்னால் உட்கார்ந்து கவனிக்க, மூன்று வகுப்புகள் தானே நடத்திக் காட்ட வேண்டும். நானும் டிரெயினிங் பள்ளியில் அப்படித்தான் தேறி வந்தேன் என்பதால் எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

சர்க்கார் அனுமதி வேண்டுமோ என்று அவருக்கு ஒரு பயம். எங்கள் தெரு வக்கீலிடம் கேட்டோம்.

"ஹோட்டல் வெக்கோணும்னா லைசென்சு வேணுமுங்க. பஸ் ஓட்டோணும்னா வேணுமுங்க. நாலு பேரைக் கண்ணை மூடி உக்கார வெக்கறதுக்கு என்ன சட்டமுங்க? சங்கம்னு பேரு வெச்சுச் சந்தா வாங்கறதா இருந்தா, ஏழு பேரு கையெழுத்துப் போட்டுப் பதிவு பண்ணிப்போடுங்க. வியாதி தீரும்னு மட்டும் போர்டுல எழுதிப்போடாதீங்க."

எல்லாம் முடிந்து ஒரு தாள்தான் பாக்கி. அதை வீட்டில் இருப்பவர் எழுதித் தர வேண்டும். கேள்வி ஒன்றே: இந்த ஒரு வருஷத்தில் இவருக்குக் கோபம் குறைந்திருக்கிறதா? முந்தின வருஷம் ஒருவரை, அவர் மனைவி எழுதிய ஒரு வரிக்காகப் பெரியவர் இன்னொரு வருஷம் பழகி வரச் சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை மாலை காபி குடித்ததும் அவர் தாளை நீட்டினார்.

"அம்மணி, ஒரு கையெழுத்துப் போட்டுப்போடு. நாளைக்கு அவிநாசி போகோணும்."

"பாத்துத்தானுங்க போடோணும்."

"இதென்ன, பரீட்சைப் பேப்பரா?"

நான் டைரிகளை எடுத்தேன். தியானம் பழக ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கோபப்பட்ட நாட்களைக் குறித்து வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. வாசித்தேன். ரசத்தில் உப்பு. சைக்கிள் சாவி. என் தம்பி கேட்காமல் எடுத்துப்போன குடை. துவைத்த சட்டையில் போன பொத்தான். ஆக நாலு.

"இதையெல்லாமா எழுதி வெச்சே?"

"அதுக்கு முந்தின வருசம் எழுதலீங்க. டைரி பத்தாமப் போயிருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் நாலு என்று எழுதினால் இன்னொரு வருஷம் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். மழை நாளில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, குடையை என்னிடம் கொடுத்துச் சைக்கிளில் பள்ளிக்கூடம் வரை கொண்டுவிடும் மனிதர். 'குறைந்திருக்கிறது' என்று மட்டும் எழுதிவிடலாம் என்று பேனா மூடியைத் திறந்தேன்.

"அஞ்சுன்னு எழுது" என்றார்.

"நாலுதானுங்களே?"

"போன மாசம் மில்லுல ஒருத்தனை எல்லார் முன்னாலயும் கண்டபடி பேசிப்போட்டேன். மெசினு பழசு, நூல் அந்துபோச்சு. அவன் என்ன பண்ணுவான்? உன்ர கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நான் பேனாவை மூடினேன். "காலையில எழுதறேனுங்க" என்றேன். "செரி" என்றார்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவர் பயிற்சிக்குப் பாய் விரிக்கவில்லை. மில்லில் திட்டு வாங்கிய ஆள் வேலைக்குக் கிளம்புமுன் பார்த்துவிட வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு உக்கடத்துக்குப் போனார். நான் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே தாளை எடுத்து எழுதினேன்: "குறைந்திருக்கிறது. ஒரு வருஷத்தில் ஐந்து முறை. ஐந்தாவது எனக்குத் தெரியாது, அவரே சொன்னார்." கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினேன்.