பட்டுத் தண்ணீர்

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று பட்டுக்கு, ஒன்று எங்களுக்கு. இரண்டில் நல்லது பட்டுக்கு.

காஞ்சிபுரத்தின் ஓரத்தில், வீடுகள் முடிந்து பாறைமேடு தொடங்குகிற இடத்தில் குடியிருந்தோம். அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அடுப்பு மூட்டவும் நூல் காயப்போடவும் இடம் தாராளமாக வேண்டும் என்று, அக்கா கைக்குழந்தையாக இருந்தபோதே அங்கே வந்துவிட்டாராம். வீட்டுக்குப் பின்னால் பாறையை உடைத்துத் தோண்டிய கிணறு. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த கோடைகளிலும் அது வற்றியதில்லை. அதில் அம்மாவுக்கு ஏகப் பெருமை. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்பதை எல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா மட்டும் அதைச் சாயத் தொட்டியின் பக்கமே விடமாட்டார். "பட்டுக்கு இது ஆவாது" என்பார். பட்டுக்கென்று பாலாற்று ஊற்றுத் தண்ணீரை முதலாளி மாட்டு வண்டியில் அனுப்புவார். அது நிரம்பிய தொட்டியில் நாங்கள் விரலைக்கூட நனைக்கக் கூடாது.

மேட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பல் காவி படிந்து திட்டுத் திட்டாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு 'பாறைப் பல்லு' என்று பெயர். வாத்தியார் வரிசையாகப் பல்லைக் காட்டச் சொல்லி, எங்களை மட்டும் வாய் கழுவ அனுப்புவார். செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. ஈறுதான் புண்ணானது. வேறு ஊரில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு முத்துப் பல். "நாங்கல்லாம் வேப்பங்குச்சியில தேச்சோம். நீங்க கமர்கட்டத் தின்னுட்டு அப்டியே படுத்துக்கிறீங்க" என்று திட்டுவாள். அது உண்மையும்கூட என்பதால் எதிர்த்துப் பேச வழியில்லை.

எனக்குப் பதினொரு வயதானபோது அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஓர் அம்மாள், "பொண்ணு பொகையில போடுமா?" என்று கேட்டுவிட்டுப் பஜ்ஜியைக் கடித்தாள். அன்றிலிருந்து அக்கா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். அதற்கு முன் அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பு நின்றுபோனதை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வரன் பத்துப் பன்னிரண்டு நாளில் வருவதாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கச்சாப் பட்டு வரும்போது மஞ்சளாக, விறைப்பாக இருக்கும். அதைப் பட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டு வேகவைத்தால் வெள்ளைவெளேரென்று வெளியே வரும். தினமும் பார்க்கிறேனே! நூலின் மஞ்சளை எடுக்கிற தண்ணீர் பல்லின் மஞ்சளை எடுக்காதா? தினம் ஒரு குடம் திருடினேன். தொட்டியில் குறைவது தெரியாமல் இருக்க ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவைத்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து அக்கா கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று இருவரும் குடிக்கவும் செய்தோம். ஒருநாள் சோப்பையும் தேய்த்துப் பார்த்து வாந்தி எடுத்தாள்.

"வெளுத்துக்கினு வருதாடி?"

"வருதுக்கா. பாதி வெளுத்துடிச்சி" என்றேன். ஒன்றும் வெளுக்கவில்லை.

அந்த வாரம் அப்பா போட்ட அரக்குச் சாயம் நூலில் சரியாக ஏறவில்லை. ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் வெளிறல். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் புடவைக்கான நூல் அது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா தொட்டித் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "யார் வேல இது?" என்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி நிச்சயம் என்று தெரிந்ததால் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. அப்பா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "வாயத் தொற" என்றார். ஒரு கையில் திட்டு விழுந்த நூலை வைத்துக்கொண்டு என் பல்லையே பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "ஒம் பல்லக் காட்டு" என்றார். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தூளியில் பத்து மாதத் தம்பி கிடந்தான். அப்பா அவன் வாயில் விரலை விட்டு ஈறைத் தடவினார். "பட்டுக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

நூலைக் கறுப்பில் முக்கி, வேறு புடவைக்கு ஆகும்படி ஒருவழியாகத் திட்டை மறைத்தார். அடுத்த வண்டி வந்ததும், முதலாளியின் தண்ணீரில் ஒரு தூசி விழப் பொறுக்காத அப்பா, தானே ஒரு குடம் மொண்டு சமையலறையில் வைத்து, அதன் வாயில் துணி கட்டினார். தம்பிக்கு. கஞ்சிக்கும் குடிக்கவும் அதுதான். வேறு யாரும் தொடக் கூடாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு மட்டும் ஏன் கெடையாது?" என்று கேட்டேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "ஒனக்கு மொளச்சிட்டுதும்மா" என்றார்.

ஆண்பிள்ளைக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயம் என்றுதான் அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன்.

அடுத்த வரன் வந்தது. வாயைத் திறக்காதே என்று அம்மா சொல்லி அனுப்பியதால் அக்கா எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். "ரொம்ப அடக்கமான பொண்ணு" என்று சொல்லித் தட்டு மாற்றிக்கொண்டார்கள். கல்யாணப் படத்தில் அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள்.

நான் அடங்கவில்லை. அம்மா கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் தம்பியின் குடத்தில் ஒரு சொம்பு எடுத்துக் குடித்தேன். பழைய பழக்கப்படி, குறைவது தெரியாமல் இருக்கக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவைத்தேன். ஓர் ஆண்டுக்கு மேல் இப்படி நடந்தது. பிறகு அலுத்து விட்டுவிட்டேன். பாறைத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு, பல் உள்ளே உருவாகிற வயதிலேயே அதைக் கெடுத்துவிடும், முளைத்த பிறகு எதைக் கொண்டு தேய்த்தும் போகாது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து. அப்பா அதைப் பட்டு நூலைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

தம்பிக்கு இப்போது பேரன் பேத்தி உண்டு. வாய்விட்டுச் சிரிக்கிறவன். பல் எல்லாம் வெள்ளை. மேல்வரிசை முன்பல் இரண்டில் மட்டும் மெல்லிய காவிக் கோடு ஓடுகிறது. அந்தக் கோடு ஏன் வந்தது என்று அப்பா கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தார். குடத்தின் துணியை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.