பன்னிரண்டு வரி, ஒரே கை

அக்காவின் செல்போன் காலை ஐந்தரைக்கு இரண்டு தடவை அதிரும். 'வா' என்று வந்தால் ஆறே முக்காலுக்கு அவள் மாத்திரைக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். 'இன்று வேண்டாம்' என்று வந்தால் அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. எது வரும் என்பது முந்தின நாள் யாருக்கும் தெரியாது. ஒன்பது வருஷம் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேதான் தூங்கினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் அனுப்பின மெசேஜையெல்லாம் ஒரு வாரம் கழிச்சுத்தான் படிப்பா. இந்தக் கம்பெனிக்காரனுக்குக் கண்ணு மூடாம காத்திருக்கா பாரு," என்பார் அத்தான். சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டாள்.

அவளுடைய வேலை மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடும் பிரிவில். நீளமான பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பெல்ட்டுக்குப் பன்னிரண்டு பெண்கள். பதினொரு பேர் இரண்டிரண்டு கையுறை போட்டுக்கொண்டு குனிந்து நிற்பார்கள். கடைசியில் வெறுங்கையோடு, பேனாவோடு அக்கா. ஒவ்வொரு பெட்டிக் கட்டிலும் சீட்டு எழுதுவது அவள் பொறுப்பு என்பதால் அவளுக்குக் கையுறை கிடையாது. எல்லாரும் அவளை 'லைன் அக்கா' என்பார்கள்.

சட்டப்படி ஒவ்வொருவருக்கும் வேலை நேரத்தில் இரண்டு தடவை பத்து நிமிஷம் ஓய்வு. எடுத்துக்கொண்டதற்கு அடையாளமாக ஓய்வுப் பதிவேட்டில் அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதிதாக மாட்டிக்கொண்டு வர நாலு நிமிஷமாகும். அதற்குள் பெல்ட்டில் அட்டை குவிந்துவிடும். ஆகவே அக்கா லைனுக்கு வந்த முதல் வாரமே சூப்பர்வைசர் பதிவேட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "நீயே எல்லாருக்கும் போட்டுடும்மா. யார் பாக்கப் போறா?"

ஓய்வு இல்லை. கையெழுத்து மட்டும் உண்டு.

அக்கா எதையும் ஏனோதானோவென்று செய்கிறவள் இல்லை. பதினொரு பேருக்கும் பதினொரு விதமாகக் கையெழுத்து உண்டாக்கினாள். உயரமானவளுக்கு நெட்டை எழுத்து. வாயாடிக்கு நத்தை ஓடு மாதிரி ஒரு சுழி. எப்போதும் அவசரப்படுகிறவளுக்குக் கடைசி எழுத்து பாதியில் நிற்கும். ஒருத்தி அதில் மயங்கி, "நீ போடுறதுதான்க்கா அழகா இருக்கு" என்று சொல்லி, வங்கியில் போய் அதேபோல் போட்டு, பணம் எடுக்க முடியாமல் திரும்பி வந்தாள்.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் என் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தை முதன்முதலாகப் போட்டவள் அவள்தான். நான் நாடு விட்டு வந்த பிறகு ஊரில் என் பெயரில் வரும் காகிதங்களிலும் அவள்தான் நானாகிக் கையெழுத்துப் போட்டாள். நான் போடுவதைவிட அது என்னைப்போல் இருக்கும்.

அக்காவின் ஊரில் இரண்டு வருஷமாக ஒரு குழு அலைந்துகொண்டிருந்தது. ஒரு வக்கீலம்மா, ஒரு பள்ளி வாத்தியார், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அவர்களோடு சேர்ந்த ஊர்க்காரர்கள். தையல் கடை மாடியில் ஓர் அறை, எட்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. அதுவும் ஒரு பக்கம்தான் திரும்பும். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. யார் எந்த நாள் வேலைக்கு வர வேண்டும் என்ற பட்டியலைக் கம்பெனி இரண்டு வாரம் முன்பே ஒட்ட வேண்டும். மனு, ஊர்வலம், மறுபடி மனு என்று போய்க் கடைசியில் ஒரு விதி வந்தது: ஒரு கம்பெனியில் பாதிக்கு மேல் தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், தொழிலாளர் அலுவலகம் அந்தக் கம்பெனிக்கு உத்தரவு போட்டாக வேண்டும்.

முதல் மனு அக்காவின் கம்பெனியிலிருந்து போனது. பேக்கிங் பிரிவில் நூற்றிருபது பேர். அறுபத்தொன்று வேண்டும், அறுபத்து நான்கு கிடைத்திருந்தது. சலவை ஆலையும் இன்னும் இரண்டு இடங்களும் இது என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டு நின்றன. இது விழுந்தால் அவர்கள் பேனாவைத் தொடவே மாட்டார்கள்.

விசாரணை நாள் காலை அக்கா எனக்குப் போன் செய்தாள். மனுத்தாளின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ அலுவலக மொழியில் இருக்கிறதாம், படம் எடுத்து அனுப்பினாள். "என்னடா எழுதியிருக்கு?"

படித்தேன். மொழிபெயர்த்துச் சொன்னேன்: ஒருவருக்காக வேறொருவர் கையெழுத்திட்டால் ஆறு மாதம் வரை சிறை.

"ஏன்க்கா கேக்கிற?"

"எங்க லைன் தாள் முழுக்க நான்தான் போட்டேன்."

"பன்னெண்டுமா?"

"தாள் வந்தப்போ பெல்ட் ஓடிட்டிருந்துச்சு. 'போடவா?'ன்னு கத்தினேன். தலையை ஆட்டினாங்க. போட்டுட்டேன். தினம் போடுறதுதானேடா! கை பாட்டுக்குப் போயிடுச்சு."

"எல்லாரும் ஆட்டினாங்களா?"

"புதுசு ஒண்ணு இருக்கு. வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு. அவளை நான் பாத்த ஞாபகமே இல்ல."

கம்பெனி மேனேஜர் ஓய்வுப் பதிவேட்டைக் கொண்டுவந்து மனுவோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாராம். இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் வேகமாகக் கணக்குப் போட்டேன். பதிவேட்டிலும் அக்கா கை, மனுவிலும் அக்கா கை.

"அப்போ நல்லதுதானே. ரெண்டும் பொருந்திடும். நீ வாயைத் திறக்காதே, போதும். ஊர் வம்புக்குத் தலையைக் கொடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பொருந்தும்," என்றாள் அக்கா. "அதான்டா பயமா இருக்கு."

அன்றைக்கு அவள் விடுப்பு சொல்லிவிட்டு இரண்டு மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். மனுவில் கையெழுத்துச் சேர்க்கக் கடைசி நாளும் அதுதான். ஐந்து மணிக்கு மனு வாங்கும் ஜன்னலை மூடிவிடுவார்கள். போகிற வழியிலேயே வக்கீலம்மாவிடம் சொல்லிவிட நினைத்தாளாம். படிக்கட்டில், வராந்தாவில், கதவருகில் மூன்று தடவை வாயெடுத்தாள். வக்கீலம்மா மூன்று தடவையும் அவள் தோளைத் தட்டி, "உங்க லைன் தாள்தான் சுத்தமா இருக்கு, ஒரு அடித்தல் இல்ல" என்று பெருமையோடு சொன்னார்.

அறையில் நீள மேசை. ஒரு பக்கம் அதிகாரி, வெள்ளைத் தலை, கையில் பூதக்கண்ணாடி. எதிரே மேனேஜர், பக்கத்தில் தடித்த பதிவேடு. அவருக்குப் பின்னால் சுவரோரம் பெஞ்சில் புதுசு. கம்பெனி வண்டியிலேயே அவளை ஏற்றி வந்திருந்தார்கள். கையை மடியில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் இரண்டரையைத் தாண்டியது. மற்ற லைன்களில் அங்கங்கே நிறுத்தி, கண்ணைச் சுருக்கி, பிறகு தலையசைத்தார். அக்காவின் லைன் தாள் வந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "இது அச்சு அசலா இருக்கு. பன்னெண்டும் பொருந்துது."

மேனேஜர் இதை எதிர்பார்க்கவில்லை. "சார், பதிவேட்டைப் பாத்து யாரோ மனுவுல காப்பியடிச்சிருக்காங்க. இந்தப் பொண்ணு மனுவுல கையெழுத்தே போடலங்கறா. கேளுங்க."

புதுசு எழுந்தாள். "மனுவுல நான் போடல சார்."

"அப்போ பதிவேட்டுல இருக்கறது?" என்றார் அதிகாரி.

மேனேஜர் முந்திக்கொண்டார். "அது அவளோடதுதான் சார். தினம் ரெண்டு தடவை ஓய்வு எடுத்துட்டுத்தான் போடறா. சொல்லும்மா."

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் மேசை ஓரத்துக்குத் தள்ளினார். "பேச வேண்டாம். இதுல போட்டுக் காட்டுங்க."

அவள் பேனாவை எடுத்தாள். தாளில் வைக்கவில்லை. உண்மைக் கையெழுத்தைப் போட்டால் பதிவேடு பொய்யாகிவிடும்; மறுநாளிலிருந்து போனில் 'வா' வராது. பதிவேட்டில் இருப்பதுபோல் போடலாமென்றால் அது எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. ஒரு நாள்கூட அவள் அதைப் பார்த்ததில்லை. மேனேஜர், "போடும்மா, என்ன பயம்?" என்றார். குரலில் தேன்.

அவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"அவ மூஞ்சியில கோபம்கூட இல்லடா. 'எனக்கு ஏன் இப்படிப் பண்ணின?'ன்னு ஒரு பார்வை," என்றாள் அக்கா பின்னால். "அதுக்கு மேல எப்படி உக்காந்திருக்கறது?"

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அவளை விடுங்க சார். போட்டது நான்."

"எதுல? மனுவுலயா?"

"ரெண்டுலயும். ஒன்பது வருஷமா எங்க லைனுக்கு எல்லாக் கையெழுத்தும் நான்தான் போடறேன்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜரின் முகத்தில் முதலில் வெற்றி வந்தது. 'ரெண்டுலயும்' என்பது உறைத்ததும் அது அப்படியே உறைந்தது.

"இவங்க சொல்றதை நம்ப முடியாது சார்..."

"தாள் குடுங்க," என்றாள் அக்கா. அதிகாரி கொடுத்தார். அவள் குனிந்து, நெட்டை எழுத்து, நத்தைச் சுழி, பாதியில் நிற்கும் எழுத்து என்று பதினொன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதிகாரி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அப்போ இந்த ஓய்வெல்லாம்?"

"என்னிக்குமே இருந்ததில்ல சார். பெல்ட் நின்னாத்தானே?"

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, மேலே கையை வைத்துக்கொண்டார். மேனேஜர் அதைக் கேட்டபோது, "இது இங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. "உங்க மேல தனியா நடவடிக்கை உண்டு. இந்தப் பதினொரு வரியும் செல்லாது. மிச்சம் ஐம்பத்து மூணு. எட்டுக் குறையுது." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு ஜன்னலை மூடுவேன்."

மணி மூன்று பத்து.

லைன் வேலை முடிவது மூன்றரைக்கு. உள்ளே போனைக் கொண்டுபோக முடியாது. வெளியே பெட்டியில் பூட்டி வைப்பார்கள். வக்கீலம்மா எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டு, அக்காவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார். அக்கா இரண்டு படி கீழே. கண்டக்டர் தாத்தா தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டார்.

மூன்றரை. மூன்றே முக்கால். நாலு.

"திட்டிடுங்க," என்றாள் அக்கா.

"திட்டுறதுக்கெல்லாம் இப்போ நேரமில்ல," என்றார் வக்கீலம்மா. "அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்கலாம்."

நாலு பதினைந்துக்கு முதல் ஆள் வந்தாள், அந்த நெட்டை. நெற்றியில் தலையுறையின் ரப்பர் தடம் சிவப்பாக இருந்தது. அவளுக்குப் பின்னால் இருவர், அப்புறம் மூவர். கேட்டில் சூப்பர்வைசர் நின்று, "இப்போ அங்க போறவங்களுக்கு நாளைக்கு என்ன மெசேஜ் வரும்னு தெரியும்ல?" என்றாராம். மூன்று பேர் அங்கேயே திரும்பிவிட்டார்கள். கடைசியாக வாயாடி ஓட்டமும் நடையுமாக வந்தாள். "என்னிக்கு வந்தாலும் நாளைக்கு என்ன மெசேஜ்னு தெரியாது. இன்னிக்காவது தெரிஞ்சுதே!"

ஏழு பேர்.

ஜன்னலில் அக்கா ஒவ்வொருத்தியையும் நிறுத்திக் கேட்டாள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? உனக்குச் சம்மதமா?" நெட்டை பேனாவை வாங்கிக்கொண்டு திணறினாள். "எப்படிக்கா போடறது? உன்ன மாதிரியா, என்ன மாதிரியா?"

"உன்ன மாதிரி போடுடி, தாயே!"

அவர்களுடைய சொந்தக் கையெழுத்துகள் கோணல்மாணலாக, கட்டத்தைத் தாண்டி விழுந்தன. அறுபது. மணி நாலு நாற்பத்தெட்டு. திரும்பிப் போன மூவரைத் தேடிக் கண்டக்டர் தாத்தா ஓடினார்; அந்த வயதில் அவர் ஓடியதைத் தெருவே பார்த்தது. யாரும் வரவில்லை.

புதுசு இன்னும் பெஞ்சில்தான் இருந்தாள். மேனேஜர் வண்டியில் ஏறிப் போய்விட்டார், அவளைக் கூப்பிடவில்லை. வக்கீலம்மா அவளை நோக்கி இரண்டடி வைத்தார். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். "நான்தான் கேக்காம விட்டேன். நானே கேக்கறேன்."

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உன் பேரை உன்னைக் கேக்காம போட்டுட்டேன். தப்பு. இப்போ கேக்கறேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, நான் எழுந்து போயிடுறேன்."

புதுசு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "முழுசும் படிச்சுக் காட்டுங்க."

அக்கா படித்தாள். காலையில் நான் போனில் மொழிபெயர்த்துச் சொன்ன அந்தப் பொடி எழுத்தையும், சிறை என்ற சொல் உள்பட, ஒன்றும் விடாமல் சொன்னாள். உள்ளே ஜன்னல்கதவின் கொக்கியை யாரோ கழற்றும் சத்தம் கேட்டது. புதுசு இடையில் நிறுத்தி, "ரெண்டு வாரம்னா ஞாயித்துக்கிழமையையும் சேத்தா?" என்று கேட்டாள். "சேத்துத்தான்," என்றாள் அக்கா.

"எனக்குப் பட்டியல் வேணும்," என்றாள் புதுசு. எழுந்து போய், பாதி மூடிய ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று எழுத்து, பெரிசு பெரிசாக.

மறுவாரம் அக்காவுக்கு வேலை போயிற்று. இப்போது அந்தத் தையல் கடையில் பொத்தான் வைக்கிறாள். ஓய்வுப் பதிவேட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. அதில் முதல் சாட்சியும் அவள்தான், இரண்டாம் எதிரியும் அவள்தான். கம்பெனிச் சுவரில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பட்டியல் ஏறுகிறது. புதுசு அதைப் படம் எடுத்து, அதில் இப்போது பெயர் இல்லாத அக்காவுக்கு அனுப்பிவைக்கிறாள். சலவை ஆலைக்காரர்கள் போன மாதம் மனு கொடுத்தார்கள்.

இதையெல்லாம் கேட்டு எனக்குத்தான் தூக்கம் போனது. சரி, பேச்சை மாற்றலாம் என்று, அப்பா வீட்டை என் பெயருக்கு மாற்றும் காகிதத்தைப் பற்றிக் கேட்டேன். "அதுல என் கையெழுத்து ஒண்ணு வேணுமாம்க்கா. வழக்கம்போல நீயே..."

"டேய்," என்றாள் அக்கா. "நீயே வந்து போடு."