மகளுக்கு நான் வைத்த விரதம்

என் மகள் செல்வி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாக ஓடுவாள். விளையாட்டு விடுதித் தேர்வுக்காகப் பள்ளியின் பி.டி. டீச்சர் தினமும் காலையில் பயிற்சி கொடுத்தார்.

தேர்வு சித்திரையில், வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா சமயத்தில் வந்தது. அவள் தேர்வானால் தீச்சட்டி எடுப்பதாக அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். அவளையும் என்னோடு ஒருவேளைச் சாப்பாட்டில் விரதம் இருக்க வைத்தேன்.

தேர்வுக்கு முந்தின வாரம், ஓடிக்கொண்டிருந்தவள் மைதானத்திலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சேதி கேட்டு நானும் அங்கே ஓடினேன்.

"வெறும் வயிறுன்னு டாக்டர் சொல்றாக. புள்ள காலைல என்னக்கா சாப்பிட்டா?" என்று டீச்சர் கேட்டார். எனக்கு யாரிடமும் பேசவே கூச்சம். தலையைக் குனிந்துகொண்டு விரதத்தைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "நேந்துக்கிட்டது நீங்கதானக்கா? அப்ப விரதத்தையும் நீங்களே இருங்க. ஓடுற புள்ள சாப்பிடட்டும்" என்றார்.

மறுநாளிலிருந்து இட்லியும் வாழைப்பழமும் சாப்பிட்ட பிறகே பயிற்சிக்கு அனுப்பினேன். செல்வி தேர்வாகிவிட்டாள். இப்போது அவள் சாப்பாட்டில் எதை மாற்றுவதானாலும், கூச்சத்தை விட்டு டீச்சரிடம் கேட்டுக்கொள்கிறேன். விரதம் எனக்கு மட்டும்தான்.

தீச்சட்டி எடுக்கக் கிளம்பியபோது செல்வி சொன்னாள்: "எம்மா, பாத்துப் போ. நீ மயங்கி விழுந்தா ஒன்னையத் தூக்கிட்டு ஓட டீச்சர் எனக்குச் சொல்லித் தரல."