கதிரைகளின் சரித்திரம் எழுதிய தவமலர் அக்கா

தவமலர் அக்கா போய்விட்டார்.

நேற்று மத்தியானம், தீவில், மடத்துவெளி வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர்தான் போன் பண்ணிச் சொன்னார்... ஒஃபிஸில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் அவர் என்று கேட்பார்கள்.

லண்டனில் ஒரு மியூசியத்தில் கியூரேட்டராக இருந்தவர். நாங்கள் பாவிக்கும் சாமான்களுக்கு இந்த வடிவம் எப்படி வந்தது என்பதுதான் அவரின் படிப்பும் எழுத்தும். உட்காரும் கதிரைகளைப் பற்றி மட்டும் இரண்டு புத்தகங்கள், இங்கிலீஷில்.

ரிட்டயர் ஆனதும் தனியாக ஊருக்கு வந்தார். "வெள்ளைக்காரன்ர கதிரை எல்லாம் எழுதியாச்சு. எங்கட வீடுகளில இருந்ததை ஒருத்தரும் எழுதேல்லை."

படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார். இறுப்பிட்டியில் பூட்டிக்கிடந்த வீடுகளுக்குள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுக் கேட்டுப் போனோம். ஒவ்வொரு கதிரையையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். அப்படியே நிலத்தில் இருந்துவிடுவார்...

பிறகு ஊர்காவற்றுறையில் ஒரு ஹோல் எடுத்து, சொந்தக்காரர் தந்த கதிரைகளைக் கொண்டுவந்து கண்காட்சி வைத்தோம். முதல் நாள் வந்தது இரண்டு டீச்சர்மாரும் எதிர்க்கடைக்காரரும்தான். அக்கா பட்டுச்சேலை கட்டி வாசலிலேயே நின்றார்.

"கொஞ்சம் பாப்பம். பஸ் இன்னும் வரேல்லைப் போல."

பஸ் வந்தது. போனது.

அடுத்த நாள் வவுனியாவில் இருந்து ஒரு ஐயா வந்தார். ஒரு சாய்மனைக் கதிரைக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. அக்காவைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இது எங்கட அப்பா படுக்கிற கதிரை. இடம்பெயரேக்க விட்டிட்டுப் போனனாங்கள்." பார்க்காமலே கைப்பிடிக்கு அடியில் விரலை விட்டார். சின்ன வயதில் அவர் கத்தியால் கீறிய எழுத்து அங்கே இருந்தது.

"கொண்டு போங்கோ ஐயா," என்றார் அக்கா.

நான் பதறிப்போனேன். "அக்கா, கண்காட்சியே இதை வைச்சுத்தானே..."

"அவற்ற சாமான். நாங்கள் வைச்சிருக்க ஏலாது."

அந்த இடத்தில் வேறு எதையும் வைக்க விடவில்லை. ஒரு அட்டையில் தானே எழுதி வைத்தார்: 'இங்கே இருந்த கதிரை வீட்டுக்குப் போய்விட்டது.'

எனக்கு யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்த பிறகு வாட்ஸ்அப்தான். போன கிழமை, தண்ணி கொதிக்க வைக்கும் ஒரு கேத்தில் படம். கூடவே வொய்ஸ் மெசேஜ். "நீர் பிஸி எண்டு தெரியும். இதைப் பற்றிக் கதைக்க இஞ்ச ஆளில்லை, அதான் அனுப்பினனான்."

உடனே கோல் எடுத்தேன். கேத்தில் மூக்கு ஏன் வளைந்திருக்கிறது என்று நெடுநேரம் கதைத்தார். வைக்க மனமே இல்லை அவருக்கு.

நாளை காலை மடத்துவெளியில்தான் எல்லாம். ஆட்கள் குறைவு. தீவுப் பக்கம் இருப்பவர்கள் முடிந்தால் வாருங்கள்...

போயிட்டு வாங்கோ அக்கா.